பாடாமல் போன பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கொள்ளைநோய்க் கால இலக்கியம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குக் கும்மி இருக்கிறது, வெள்ளத்துக்கும் கொலைக்கும் சிந்து பாடி, மலிவுப் பாட்டுப் புத்தகம் விற்ற குஜிலிக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள், கொரோனாவுக்கு அப்படி என்ன வந்தது என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். நல்ல கேள்விதான். பதிலைப் புத்தகக் கடையில் மட்டும் தேடியிருக்கிறார்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ராத்திரி கானா வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் உண்டு. பாட வருகிறவர் வந்ததும் மைக்கைப் பிடிக்க மாட்டார். வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே விசாரிப்பார். என்ன வேலை பார்த்தார், எந்தக் கடையில் உட்காருவார், பேரப்பிள்ளைகள் பேர் என்ன, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. விடிவதற்குள் எல்லாம் பாட்டில் வந்துவிடும். (கடைசிக் கேள்விக்கு வந்த பதிலால் பந்தலிலேயே கைகலப்பு நடந்ததும் உண்டு. உடைந்த நாற்காலிக்கு யாரும் காசு தரவில்லை.) துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் காசிமேட்டில் மீன் விற்ற அம்மாவுக்கும் வாழ்க்கை வரலாறு என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு ராத்திரிதான்.

2020-ல் அது நின்றுபோனது. ராயபுரம் மண்டலம்தான் தொற்றில் முதலிடம் என்று தினமும் செய்தியில் எங்கள் பேர் அடிபட்டது. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. ஜூன் 19 முதல் 30 வரை மறுபடியும் முழு ஊரடங்கு. தொற்றில் இறந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேறு நோயில் போனவர்களுக்குப் பெட்டி மட்டும் கேட்பார்கள். பந்தல் வேண்டாம், நாற்காலி வேண்டாம்.

ஒரு மீன்பாடி வண்டிக்காரர் வீட்டுக்குப் பெட்டி இறக்கப் போயிருந்தேன். பாட வேண்டியவரின் தெருவில் தகரம் அடித்துவிட்டதால் அவரால் வர முடியவில்லை. போனில் பாடினார். ஸ்பீக்கரில் போட்டு போனைப் பெட்டி மேலேயே வைத்தார்கள். நடுவில் சிக்னல் போய்விட்டது. மறுபடி அழைத்தபோது, எந்த இடத்தில் விட்டேன் என்று அவர் கேட்க, அந்த வீட்டு அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "வண்டி வாங்கினதுல நின்னுச்சுப்பா" என்றார்.

யூடியூப்பில் கொரோனா கானா நிறைய வந்தது, வாஸ்தவம். மாஸ்க் போடு, கையைக் கழுவு, கபசுரக் குடிநீர் குடி. சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் அதில் செத்தவர் யாரும் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். 2020, 2021-ல் பாட்டில்லாமல் போனவர்களைப் பற்றி வாரம் ஒருவராக உங்கள் நாளிதழில் எழுதுங்கள். குடும்பத்தாரை எழுதி அனுப்பச் சொன்னால் வராது. வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். நிருபரோடு ஒரு கானா பாடகரையும் அனுப்புங்கள், சாவு வீட்டில் விசாரிக்கத் தெரிந்தவர் அவர்தான். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். சமூக சேவை என்று சொல்லி ஓசியில் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
சாமியானா கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.