பொருள்: மழைக்காலத்தில் வீட்டுப் பூச்சிகளும் எலிகளும் – பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற திங்களன்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தீப்பெட்டியை என் மேசைமேல் வைத்து, "டீச்சர், இது என்ன விதை?" என்று கேட்டான். கரும்பழுப்பு நிறத்தில், பயறு அளவில், ஒரு விளிம்பில் மட்டும் ரம்பப் பல் போன்ற வரியுடன் உள்ளே இருந்தது விதையன்று, கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு. அரிசி டிரம்முக்குப் பின்னால் இப்படிப் பல ஒட்டியிருப்பதாகவும், வாரந்தோறும் மருந்து அடித்தும் பூச்சி குறையவில்லை என்றும் அவன் சொன்னான். (இதற்காக எந்த வீட்டிலும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம், நல்ல கேள்வி அது.)

அவன் வீட்டில் மருந்து பலிக்காததன் காரணம் அந்தக் கூட்டிலேயே இருக்கிறது. நாம் அடிக்கும் மருந்து கூட்டின் மேலோட்டைத் தாண்டி உள்ளே சேராது. சாக்கடைவழி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பானின் ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ 15 குஞ்சுகள் பொரிக்கும். ஆகவே கூடுகளைப் பழைய அட்டையால் சுரண்டியெடுத்து நசுக்கிவிட்டு, இரவில் சாக்கடைத் துளையை மூடி, பாத்திரம் கழுவும் தொட்டியை ஈரமில்லாமல் துடைத்துவைப்பதே முதல் வேலை. கழுத்துப்பகுதியில் இரண்டு கருங்கோடுகள் உள்ள சிறிய வெளிர்பழுப்புக் கரப்பான் வேறு வகை. அது ஃப்ரிட்ஜின் பின்புறம், மிக்ஸியின் அடிப்பகுதி போன்ற கதகதப்பான இடுக்குகளில் வாழ்வது. அதற்கு இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் நன்கு பயன்படும், ஆனால் ஜெல் வைத்த இடத்தில் மருந்தும் அடித்தால் பூச்சி அந்தப் பக்கமே வராது.

எலி விஷயத்தில்தான் எனக்கு அச்சம் அதிகம். மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்கும் எலியைக் கொல்ல, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தக்காளியிலோ பிஸ்கட்டிலோ தடவி மூலையில் வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த பிஸ்கட்டை எடுக்கும் கை எலியுடையதாக மட்டும் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவர் ஓரிரு நாள் தேறிவிட்டவர்போலக்கூடத் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கும் நிலைக்குப் போய்விடலாம். குழந்தை தொட்டதாகவோ வாயில் வைத்ததாகவோ ஐயம் எழுந்தாலே, உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, எலிப்பசையின் உறையோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் ஈரம் பட்டதும் நச்சுவாயு விடுவது. அது கிடங்குக்கு உரியதே தவிர, நாம் படுத்துறங்கும் வீட்டுக்கு உரியதன்று. மிட்டாய்போல் தெரியும் அந்துருண்டையையும் கைக்கெட்டாமல் வையுங்கள்.

பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். எனவே குழாய் சுவரைத் துளைத்து வரும் இடங்களில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். உள்ளே வந்துவிட்டதற்கு எலிப்பொறிக்கூண்டு போதும். சுவரோரமாக ஓடி, கீச்சிட்டு, ஒரு நெடியை விட்டுப்போவது பெரும்பாலும் மூஞ்சூறுதான். அது எலியினமே அன்று, கரப்பானையும் தின்பது. அதற்கு நஞ்சு வைக்கத் தேவையே இல்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வீட்டில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், ஃப்ரிட்ஜின் பின்தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும். பிள்ளைகளின் விலையில்லாப் பாடநூல்களைச் சுவரை ஒட்டித் தரையில் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள். நிலைக்கதவோரம் மண்கோடு தெரிந்தால் அது கரையான் போட்ட பாதை.

வரும் வெள்ளிக்கிழமை மாணவர்கள் ஒரு வெள்ளைத்தாளுடன் வீட்டுக்கு வருவார்கள். அன்றிரவு விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து, டார்ச்சுடன் அவர்களோடு சமையலறைக்குள் செல்லுங்கள்; எந்த இடத்தில் எது தென்பட்டது என்பதை அவர்கள் அந்தத் தாளில் வரைந்துவந்தால், திங்களன்று வகுப்பில் ஒவ்வொன்றையும் இனங்கண்டு சொல்வோம். வரைபடம் மட்டும் போதும், தீப்பெட்டி வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்