கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களே,

வணக்கம். சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட உங்கள் திட்டங்கள் பலவற்றின் தானியங்கிப் பில்ட் ஸ்கிரிப்டுகள் (மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் கட்டளைக் கோப்புகள்) ‘மேக் கிளீன்’ என்ற வரியோடுதான் தொடங்குகின்றன. ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாலும் முன்பு தொகுத்துவைத்த ஆப்ஜெக்ட் கோப்புகள் யாவும் அழிக்கப்பட்டு, நிரல் முழுவதும் மீண்டும் தொகுக்கப்படுகிறது. அந்த வரியை நீக்க வேண்டும், அதற்கு முன், எதை எதிலிருந்து தொகுப்பது என்று மேக் கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக், இலக்குக் கோப்பைவிட மூலக்கோப்பு பிந்தைய நேரத்தில் மாறியுள்ளதா என்று ஒப்பிட்டு, மாறியதை மட்டுமே தொகுக்கும் கருவி. எல்லாவற்றையும் முன்கூட்டியே அழித்துவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. இவ்வரி சோம்பலால் வந்ததன்று என்பதை அறிவேன். பல மூலக்கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஹெட்டர் கோப்பு மாறியும் அதைச் சார்ந்த ஆப்ஜெக்ட் கோப்பு பழையதாகவே நின்றுவிட்டால், விளையும் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆனால் அக்குறை, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்னும் சார்புகளைக் கையால் எழுதுவதால் வருவது. ஜிசிசி, கிளாங் என்னும் கம்பைலர்கள் (தொகுப்பிகள்) இரண்டிலும் உள்ள ‘-எம்எம்டி’ தெரிவைச் சேர்த்தால், எந்தக் கோப்பு எந்த ஹெட்டரைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைக் கம்பைலரே எழுதித் தரும். அதை மேக்ஃபைலில் இணைத்தால் போதும்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, பதிப்பெண்ணைத் தாங்கிய ஹெட்டர் கோப்பு. ஒவ்வொரு பில்டிலும் ஸ்கிரிப்ட் அதைப் புதிதாக எழுதுவதால், உள்ளடக்கம் எழுத்துப் பிசகாமல் அதுவாகவே இருந்தாலும் நேரம் மாறிவிடுகிறது. அதைச் சேர்த்துக்கொள்ளும் கோப்புகள் அனைத்தும் மறுபடி தொகுக்கப்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பில்ட் முறை இதற்கு நல்ல வழி காட்டுகிறது: முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டுமே இடம்மாற்றுகிறது. அம்முறை கம்பைல் கட்டளையையும் சேமித்துவைத்து ஒப்பிடுவதால், தெரிவுகள் மாறும்போது உரிய கோப்புகள் மட்டும் தாமாகவே தொகுக்கப்படுகின்றன. கோப்பகத்தைச் சார்பாகக் காட்டுமிடத்தில் வரிசைக்கு மட்டுமான சார்பாக (முன்னதாக இருந்தால் போதும், நேரம் ஒப்பிடப்படாது) எழுதுங்கள். உள்ளே கோப்பொன்று சேர்ந்தாலே கோப்பகத்தின் நேரம் மாறிவிடும்.

ஒவ்வொரு முறையும் களஞ்சியத்தைப் புதிதாகப் படியெடுக்கும் சர்வர்களில் இவை மட்டும் போதா. பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட், கோப்புகளின் பழைய நேரத்தைக் காப்பதில்லை. எடுக்கும் நேரமே பதிவாகும். அங்கே, முன்பு தொகுத்ததைச் சேமித்துவைத்து, உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் சிகேஷ் என்னும் கருவி உதவும். மூலநிரலில், தொகுக்கும் நேரத்தைப் பதிக்கும் ‘__டைம்__’ மேக்ரோ இருந்தால் அதுவும் பயனற்றுப் போகும் என்பதால், அதை நீக்கிவிடுங்கள்.

வெளியீட்டுக்கு முன் முழுத் தொகுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இரவுதோறும் ஒருமுறை அதை ஓட்டுங்கள். பகுதித் தொகுப்பில் தேறிய சோதனை அதே நிரலின் முழுத் தொகுப்பில் தவறினால், மேக்ஃபைலில் விடுபட்ட சார்பு ஏதும் உண்டா என்று முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் திட்டங்களுக்குத் திருத்தங்கள் அனுப்பும் பங்களிப்பாளன்