அந்த 75 பார்களில் பெடல் எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசையமைப்பாளர் சோப்பினின் பி ஃபிளாட் மைனர் சொனாட்டா என்ற நான்கு பகுதிப் பியானோ படைப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கடைசிப் பகுதிக்கு வேகமான விரல்கள் போதும் என்றும், சுரங்களை அடங்கவிடாமல் நீட்டும் பெடலை மிதித்தபடி வாசித்தால் மூடுபனி போன்ற ஒலி தானாக வந்துவிடும் என்றும் சொல்கிறது. பியானோ பயிலும் பிள்ளைகள் நம்பிப் படிக்கும் பத்திரிகையில் இப்படியொரு வரி வரலாமா?

அந்தப் பகுதியின் அமைப்பு தாங்கள் அறியாததல்ல. மொத்தம் 75 பார்கள், அதாவது தாள அளவுகள். இரண்டு கைகளும் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இடைவெளியில் ஒரே சுரங்களை, பாருக்குப் பன்னிரண்டாக, மும்மூன்றாய்க் கோத்து ஓடுகின்றன. ‘அடங்கிய குரலில், இழைத்து’ என்பதுதான் தொடக்கக் குறிப்பு. கடைசி பார் வரும்வரை பெடல் குறி ஒன்றுகூடக் கிடையாது.

வாசிப்பு குலைவது விரல் வேகம் போதாததால் அல்ல. வலக்கைக் கட்டைவிரல் கீழ்ச்சுரப் பக்கம் இருக்கிறது, இடக்கையுடையது மேல்சுரப் பக்கம். ஆகவே ஒரே சுர வரிசையில் இரண்டு கட்டைவிரல்களும் வெவ்வேறு இடங்களில் புகுந்து மாறுகின்றன. அங்கே இடக்கை மயிரிழை பிந்தினாலும் ஆக்டேவ் பிளந்து இரண்டு குரலாகிவிடும். அந்தப் பிளவை மூடத்தான் பலர் பெடலை மிதிக்கிறார்கள். அரைச்சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிய, 39-ஆவது பாரில் தொடக்கம் திரும்பி வருவது யார் காதிலும் விழுவதில்லை. இதற்கா இவ்வளவு பாடு?

முதலில் இடக்கை மட்டும். கட்டைவிரல் நுழையும் சுரங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பாதி வேகத்தில், விரலைக் கீயிலிருந்து அதிகம் தூக்காமல் வாசிக்க வேண்டும். மூன்றில் முதல் சுரத்தைக் குத்தக் கூடாது. இரண்டு கையும் ஒரே ஒலியான பிறகு, வறண்ட அரங்கமானால் அங்கங்கே பெடலைக் கால்பங்கு ஆழம் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். முடிவை நெருங்கும்போது வேகத்தைத் தளர்த்தவே கூடாது. தளர்த்தினால் கடைசி பாரில் வரும் ஃபோர்ட்டிசிமோவின், அதாவது மிக உரத்த ஒலியின், அதிர்ச்சியே போய்விடும்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. இந்தச் சொனாட்டாவைச் சோப்பின் தன் சாவுக்காகவே எழுதினார் என்று முன்பொருமுறை அச்சிட்டீர்கள். அதன் மூன்றாம் பகுதியான இரங்கல் அணிவகுப்பு 1837-லேயே எழுதப்பட்டது. மற்றப் பகுதிகள் 1839-இல் பிரான்சின் நோஆன் என்ற ஊரில் எழுதியவை. அவர் இறந்தது 1849-இல். அணிவகுப்புக்குப் பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து வம்பளக்கின்றன என்றுதான் இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி நண்பர் ஃபொன்டானாவுக்கு அவரே எழுதினார். கல்லறைகள் மேல் வீசும் காற்று என்று இதைப் பலர் வருணிக்கிறார்களே, அவர் சொன்னதில் கல்லறை எங்கே, காற்று எங்கே? இசையமைப்பாளரும் விமர்சகருமான ஷூமான் 1841-இல் இதை இசையே இல்லை என்ற தொனியில் எழுதினார். அவராவது சுரங்களைப் படித்துவிட்டு எழுதினார். தங்கள் பக்கங்களிலோ சோப்பினின் காசநோயும் காதலும் வருகின்றன, சுரம் வருவதில்லை. எத்தனையோ முறை எழுதியும் பதிலில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த இதழில், அந்தப் பெடல் வரி தவறு என்று ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் போதும். மாணவர்கள் கண்ணில் படும்படி, இசைப் பகுதியிலேயே வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரு பியானோ ஆசிரியர்