பிரம்மாண்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஹாலிவுட் வரலாற்றுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செட், கூட்டம், செலவு என்று அளவைச் சொல்லியே முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1959இல் வந்த 'பென்-ஹர்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரதப் பந்தயம் பெரிசுதான், ரோமில் சினேசிட்டா ஸ்டூடியோவில் அவ்வளவு பெரிய மைதானம் கட்டி எடுத்தார்கள், சரி. ஆனால் ரதங்கள் ஓட ஆரம்பித்ததும் பின்னணி இசை நின்றுவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மிக்லோஸ் ரோஸா மாதிரி ஒரு இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, குளம்படியையும் சக்கரச் சத்தத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் மட்டும் நம்பி அந்தப் பந்தயத்தை ஓடவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதைவிட எனக்குப் பெரிய காட்சி நாசரேத்தில் வருவது. சங்கிலியில் இழுத்துவரப்படும் கதாநாயகன் யூதா தாகத்தில் சுருண்டு விழுகிறான், அவனுக்கு மட்டும் தண்ணீர் கிடையாது என்கிறான் ரோமானிய அதிகாரி. இயேசு வந்து தண்ணீர் கொடுக்கிறார். படம் முழுக்கவே அவர் முகத்தை நமக்குக் காட்டமாட்டார்கள், இங்கேயும் முதுகுதான்; தடுக்க வந்த அதிகாரி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயடைத்துத் தடுமாறி விலகுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்தி இல்லாதவர்களுக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். வில்லியம் வைலர் இயக்கம் என்றால் அதுதான்.

அப்புறம் 'ஸ்பார்டகஸ்' (1960). ரோமை எதிர்த்துக் கலகம் செய்து தோற்ற அடிமைகள், தங்கள் தலைவன் ஸ்பார்டகஸைக் காட்டிக்கொடுத்தால் பிழைக்கலாம் என்று ரோமானியர்கள் சொன்னதும் ஒவ்வொருவராக எழுந்து "நான்தான் ஸ்பார்டகஸ்" என்று சொல்லும் இடத்தை எல்லோரும் சொல்வார்கள், அதை எழுதியவரைத்தான் விட்டுவிடுகிறார்கள். டால்டன் ட்ரம்போ, அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை வேட்டையாடிய காலத்தில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனவர், பல வருஷம் சொந்தப் பெயரை வெளியில் சொல்லாமல் கதை எழுதிப் பிழைத்தவர். காட்டிக்கொடுக்க மறுக்கும் அந்தக் காட்சிக்கு அத்தனை வலு எங்கிருந்து வந்தது என்று வேறு விளக்கம் வேண்டுமா?

இந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரிவாக எழுதச் சொல்லுங்கள். முதலில் 1964இல் வந்த 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்' வரட்டும். மாட்ரிட் அருகே ரோமானியச் சதுக்கத்தையே எழுப்பி எடுத்த படம், வசூலில் விழுந்ததால் இன்று பேசுவார் குறைவு. ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸாக அலெக் கின்னஸ் வரும் பனிமலைக் காட்சிகளுக்காக மட்டுமே அதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்