கண்டது ஆரு?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. இந்தக் காலத்தில் தோஹாவில் இருந்து முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் நீ ஒருத்தன்தான். அதுவும் பதிவுத் தபால். கையெழுத்து வாங்க வந்த தபால்காரப் பெடியன், ஏதோ வழக்கு விசயம் என்று நினைத்தானோ என்னவோ, என்னைப் பாவமாகப் பார்த்தான்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குழுவை விட்டு ஏன் போனாய், என்னோடு கோபமா?" இதற்குப் பதில் எழுத ஒன்பது நாள் மினக்கெட்டிருக்கிறேன். உன்னோடு எனக்கு என்ன கோபம்? வெட்கம் மச்சான். அந்த வீடியோவைப் போட்டவன் நான்தானே.

அன்று இரவு நடந்ததை ஒழுங்காகச் சொல்லி விடுகிறேன். ஏழரை மணி இருக்கும். விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தேன். தெரிந்த ஒருவர் அனுப்பிய வீடியோ. பள்ளிக்கூடப் பெடியன் ஒருவனை ஒரு கடைக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து அடிக்கிறார்கள். கீழே, "நேற்று பக்கத்து ஊரில் நம்மட பிள்ளைக்கு நடந்தது" என்று எழுதியிருந்தது. நம்மட என்றால் தமிழ்ப் பிள்ளை, அடித்தது உங்கள் முஸ்லிம் ஆட்கள் என்று அர்த்தம். மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் பெடியனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவனுக்குப் பின்னால் போன ஓட்டோ கண்ணில் படவில்லை. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. நம் ஊரில் அப்படி ஓட்டோவை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? இந்தியாவில் எப்போதோ எடுத்த படம். மறுநாள் காலை என் மருமகன்தான் அதைக் கண்டுபிடித்தான், பல் துலக்கிக்கொண்டே.

ஆனால் அதற்குள் நான் "இதற்கும் மௌனமா?" என்று ஒரு வரி எழுதி பேஸ்புக்கில் போட்டாயிற்று. நம் வந்தாறுமூலை வட்ஸ்அப் குழுவுக்கும் தட்டிவிட்டாயிற்று.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சந்தோசமாக இருந்தது மச்சான். கோபம் வந்தவனுக்குச் சந்தோசம் எங்கே என்று கேட்பாய். இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கா போன் கிணுங்கியது. சிவந்த கோப முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. இருபது வருடமாகக் கதைக்காதவன் எல்லாம் "சரியாகச் சொன்னீர்கள் அண்ணன்" என்று எழுதினான். பென்சன் எடுத்த பிறகு என்னை ஒருவரும் இப்படித் தேடியதில்லை. உள்ளே இருந்து மனிசி "சோறு ஆறுது" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். எனக்குப் பசிக்கவே இல்லை.

அதற்கு முதல் கிழமை, பறுவத்தன்று, பழைய கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். சின்ன வயதில் வள்ளத்தில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்ட கதையையும் எழுதியிருந்தேன். நல்லாய் எழுதினேன் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பதினொரு லைக். அதில் நாலு எங்கள் வீட்டார்.

குழுவில் அந்த வீடியோவை யார் யார் பார்த்தார்கள் என்று அழுத்திப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே 9.40 என்று இருந்தது. நீ ஒன்றும் எழுதவில்லை. அதை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மீன்கார நானா வந்தார். பதினைந்து வருடமாக மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டிக் கொண்டு காத்தான்குடியில் இருந்து வருகிற அதே முஸ்லிம் அண்ணன். இரண்டு நாள் வரவில்லை. அன்று வந்தவர் கீரி மீனை நிறுத்துக்கொண்டே, தராசைப் பார்த்தபடி சொன்னார்: "சேர், நீங்களும் அதப் போட்டிருந்தீங்களாம். மகன் காட்டினான்." அவ்வளவுதான். வழக்கமாக நிறுத்து முடிந்ததும் கையளவு கூடப் போடுவார். அன்றும் போட்டார். அவர் போடாமல் விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சரி, இனி என் ஆராய்ச்சி. பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை?

மருமகனை உனக்குத் தெரியும்தானே, தங்கச்சியின் மூத்தவன். உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று நடத்துகிறான், யூடியூப் சனலும் இருக்கிறது. ஒரு பின்னேரம் அவனைப் பிடித்து இருத்தி, இந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். போனில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினான். வாவியில் கழிவு கொட்டுவது பற்றி இரண்டு நாள் அலைந்து போட்ட செய்தி தரையோடு தரையாகக் கிடந்தது. "அதிர்ச்சி! இவர்களை என்ன செய்வது?" என்று தம்நெயில் வைத்த ஒரு வாய்ச்சண்டை தென்னை மரம் மாதிரி நின்றது. "மாமா, திட்டுகிறவனும் எனக்கு ரீச்தான்" என்றான். புடவைக் கடைக்காரரும் ரியூசன் வகுப்புக்காரரும் விளம்பரம் தருவது இந்தத் தென்னை மரத்தைப் பார்த்துத்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்ட வேண்டும்.

பெரிய கடையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. ஹெர்பர்ட் சைமன் என்ற பொருளியல் அறிஞர் 1971இலேயே சொல்லிவிட்டார்: தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று. பஞ்சம் வந்த சாமானுக்கு விலை ஏறும்தானே. பேஸ்புக்கின் தாய்க் கம்பனி 2024இல் உழைத்தது 164 பில்லியன் டொலருக்கு மேல், ஏறக்குறைய முழுவதும் விளம்பரக் காசு. நீயும் நானும் பெருவிரலால் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்பதுதான் அங்கே சரக்கு.

எங்கே நிற்கிறோம்? 2016இல் லைக்கோடு சேர்த்து இதயம், சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகங்களைக் கொண்டுவந்தார்கள் அல்லவா? அடுத்த வருடத்தில் இருந்து, அந்த முகங்களில் ஒன்றைத் தட்டினால் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு புள்ளி விழுந்தது. புள்ளி கூடினால் அந்தப் பதிவு இன்னும் நாலு பேரின் கண்முன் போனது. கோப முகம் விழுகிற பதிவுகளில் பொய்யும் நஞ்சும் கூடுதலாக இருக்கின்றன என்று கம்பனியின் சொந்த ஆட்களே கண்டு எழுதியும், கோபத்தின் புள்ளியைப் பூச்சியமாக்க 2020 செப்டெம்பர் வரை சென்றது. இதெல்லாம் வெளியே வந்தது 2021இல், பிரான்சிஸ் ஹோகன் என்ற பெண் உள்ளிருந்த ஆவணங்களை எடுத்துக்கொண்டு வந்ததால். கணக்கு எழுதுகிற பிள்ளைகள் யாரும் "ஊரை எரிப்போம்" என்று உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆள் நிற்கிற இடத்தில் கடையைப் போடு என்றார்கள், ஆள் நின்றது சண்டை நடக்கிற இடத்தில்.

அம்பாறைக் கதையை நீ தூரத்தில் இருந்து கேட்டிருப்பாய். நான் அப்போது அங்கேதான் வேலை, கல்முனை பஸ்ஸில் போய் வந்த காலம். 2018 பெப்ரவரி 26, இரவு. டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி கிடந்தது என்று சண்டை. மலட்டுக் குளிசை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். கடையில் நின்றவருக்கு அந்தப் பாஷை மட்டுமட்டு. சூழ நின்றவர்களுக்குப் பயந்து தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகி பேஸ்புக்கில் ஏறியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் உடைந்தன. மனிசரை மலடாக்குகிற அப்படியொரு குளிசை உலகத்திலேயே கிடையாது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துச் சொன்னது, அது மாக்கட்டி என்று. குழம்பில் சரியாகக் கரையாத மா!

அந்த மாக்கட்டி கண்டிப் பக்கம் போகும்போது மலையாகிவிட்டது. மார்ச் தொடக்கத்தில் திகணயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம், 6ஆம் தேதி அவசரகாலச் சட்டம், மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் பூட்டு. ஏறத்தாழ ஒரு கிழமை. சிங்களத்தில் எழுதியதை வாசித்து நீக்க அந்தக் கம்பனியிடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் கேட்டேன், என்னுடையதும் அதே மாதிரிப் பிந்தித்தான் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பொருத்தத்தைப் பார். இங்கே பூட்டுப் போட்டிருந்த அதே கிழமையில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக்காரர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. டுவிட்டரில் பதினொரு வருடமாக ஓடிய ஏறத்தாழ 126,000 கதைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பொய்ச் செய்தியை ஆட்கள் மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு மெய்ச் செய்தியை விட 70 வீதம் கூட. 1,500 பேரைப் போய்ச் சேர மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியது விறாந்தையில் கதிரை போட்டிருக்கிற என்னைப் போன்ற ஆட்கள்தான்.

"1990இல் நம் இரண்டு பக்கமும் ஆட்கள் வெட்டுப்பட்டுச் செத்தபோது பேஸ்புக்கா இருந்தது?" என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியும், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். அந்த ஓகஸ்டில் நீ எங்கே இருந்தாய், செப்டெம்பரில் நான் எங்கே இருந்தேன் என்பது நம் இருவருக்கும் தெரியும், இங்கே எழுத வேண்டாம். தமிழரும் முஸ்லிமும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்லிக்கொண்டே பிரிந்து நின்ற ஆட்கள்தானே நாம். காயம் பழையது. ஆனால் முன்பு அதைக் கிளற ஒருவன் வீட்டுக்கு வரவேண்டி இருந்தது. வருகிறவனுக்கு முகம் இருந்தது.

உன் உம்மாவை நினைத்துக்கொண்டேன். 85ஆம் ஆண்டு, நான் சம்மாந்துறையில் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? ஒரு பெடியன் மூச்சு வாங்க ஓடி வந்து "தமிழாக்கள் வாறாங்களாம்" என்றான். உம்மா அகப்பையைக் கீழே வைக்கவே இல்லை. "ஆரு மனே சொன்ன?" என்று கேட்டார். சந்தியில் சொன்னார்கள் என்றான். "கண்டது ஆரு? நீயா?" இல்லை என்றான். "அப்ப சந்திக்குப் போய்க் கண்டவனக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். போனவன் திரும்பி வரவே இல்லை. எனக்கு இன்னொரு அகப்பை சோறு விழுந்தது.

இப்போது ஒரு கதை என் கைக்கு வரும்போது அதற்கு இரண்டு அம்புக்குறிதான் இருக்கிறது. பல கை மாறி வந்தது என்று அர்த்தமாம். அப்படி வந்ததை ஒரு தரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று வட்ஸ்அப் 2020இல் கட்டுப்படுத்தியது. நல்ல வேலைதான். ஆனால் கண்டவனைக் கூட்டி வரச் சொல்ல எந்தச் சந்திக்கு ஆளை அனுப்புவது? அரசாங்கம் பூட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் பூட்டினார்கள். பெடியள் பூட்டைத் தாண்டுகிற வீபிஎன் போட்டுப் பார்த்தார்கள், சொந்தத்தைத் தேடின கிழடுகள்தான் தவித்தோம். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி எழுதப் போனால் இந்தக் கடிதம் முடியாது. யாருடைய வாய்க்கு முதல் பூட்டு விழும் என்று உனக்கும் தெரியும்.

மன்னிப்புக் கதைக்கு வருகிறேன். வீடியோவை அழித்துவிட்டு, "நான் போட்டது பொய், மன்னிக்கவும்" என்று பேஸ்புக்கில் எழுதினேன். ஆறு லைக், ஒரு கொமென்ட். "பயந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருந்தார், முன்பு "சரியாகச் சொன்னீர்கள் அண்ணன்" என்றவர். குழுவிலும் அதையே எழுதிவிட்டு வெளியே வந்தேன். உனக்குத் தனியாக எழுத நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். நீ முந்திவிட்டாய்.

போன ஞாயிறு உம்மாவைப் பார்க்கப் போனேன். உன்னிடம் சொல்லச் சொன்னார்: முழங்கால் பரவாயில்லை, கண்தான் மங்குது. வட்டிலப்பம் தந்தார், எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் போட்ட வீடியோ பற்றி அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் எடுத்தேன், பிறகு தேத்தண்ணீரைக் குடித்தேன்.

மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். மார்கழியில் வராதே, மழை வந்தால் நீ வாசலிலேயே இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தை பிறந்ததும் வா. மீன்கார நானாவிடம் பெரிய பாரை சொல்லி வைக்கிறேன். வரும்போது அந்தப் பச்சைப் போத்தல் தைலம் இரண்டு கொண்டு வா, போன முறை தந்தது முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் மச்சான்