ஓரத்தில் ஒரு கம்பம்

அன்புள்ள புஷ்பா,

உன் ஜகரண்டா படங்கள் வந்தன. பதில் எங்கே என்று திட்டி நீ அனுப்பிய குரல் செய்தியும் வந்தது. பெர்த்துக்குப் போய் இத்தனை வருடமாகியும் உன் வாய் மட்டும் குவீன்ஸ்டவுனிலேயே இருக்கிறது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர. தீபாவளி ஆயிற்று. என் அதிரசம் இந்த வருடமும் அதே கதைதான். நம் சோடாப் பயல் மட்டும் இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அவன் பல் அப்படி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனுக்குக் கிளாக்கோமா.

பதறாதே. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தார்கள், மருத்துவமனையில் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். வலது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ராத்திரிதோறும் சொட்டு மருந்து. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. பேப்பர் படிக்கிறார், கோப்பிக் கடையில் கணக்குத் தப்பினால் கண்டுபிடிக்கிறார். அண்ணிதான் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு மருந்துக்குக் காவல் நிற்கிறார்.

நம் கையில் அந்த யாஷிகா கேமராவைக் கொடுத்துவிட்டு அண்ணன் என்ன கத்து கத்துவார்! ‘மூஞ்சியையே பார்க்காதே, நாலு மூலையையும் பார்த்துட்டு அமுக்கு!’ அந்த மனிதர் எடுக்கிற படங்களில் கொஞ்ச காலமாகவே ஓரத்தில் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பம், யாரோ ஒருவரின் முழங்கை, பச்சைக் குப்பைத்தொட்டி. வயசாகுதில்ல என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பிறகு காரணம் புரிந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றில் விடுபட்டதை மற்றது பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அதனால் தெருவில் நடக்கையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வியூஃபைண்டரில் ஒரு கண்ணைத்தானே வைக்கிறோம்?

விளம்பரப் பலகைகளில் போடுவார்களே, சுற்றிலும் கறுப்பு வளையம், நடுவில் மட்டும் ஒரு பேரப்பிள்ளை முகம், அப்படியா தெரிகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ‘கறுப்பா இருந்தாத்தான் எனக்கே தெரிஞ்சிருக்குமே!’ வளையமும் இல்லை, ஒன்றும் இல்லையாம். இல்லாத இடம் இல்லாததாகத் தெரிவதில்லை, மூளை ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து நான் பேருந்தில் உட்கார்ந்தாலும் ஓரங்களையே பார்த்துக்கொண்டு வருகிறேன். எதிரே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ.

இப்போது கூத்தைக் கேள். நோய் என்று தெரிந்ததும் மனிதர் கேமராவை மூட்டை கட்டுவார் என்று அண்ணி எதிர்பார்த்தார். அண்ணன் செய்தது நேர் எதிர். இனிமேல் ஃபிரேமுக்குள் ஃபிரேம் வைத்த படங்கள் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார். கிளை, வளைவு, சன்னல், தூண்களின் இடைவெளி, எது வழியாகவாவது எதையாவது பார்க்க வேண்டும். அந்த மாதிரிப் படத்தில் பாதி வேலை ஓரத்தில்தான். ஓரம் சரியில்லை என்றால் படமே இல்லை. ‘எந்த இடம் சண்டித்தனம் பண்ணுதோ அங்கேயே போய் நிக்கணும்’ என்கிறார். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, இடது மேல் மூலையில் தொடங்கி ஒவ்வொரு மூலையாக நேராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அதற்குள் பூனை போய்விடும், வெயில் போய்விடும். அவர் அவசரப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலியைத் தூக்குவது நான். தூக்கித் தூக்கி எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தனி அவசியமே இருக்கிறது. நம் ஊர் வானம் உனக்குத் தெரியாததா? பாதி நாள் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல நிற்கும். படத்தின் மேல் பாதியில் அந்த வெள்ளை வந்துவிட்டால் கண் அங்கேயேதான் போகும், கீழே நிற்கிற ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். மேலே ஒரு கிளையை இறக்கிவிட்டால் வானம் மறைந்து பார்வை கீழே வந்துவிடும். கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையின் தூங்குமூஞ்சி மரங்கள் இதற்கென்றே குடை விரித்து நிற்கின்றன. அதிலும் சாயங்காலம் இலைகள் மடங்கத் தொடங்கும் நேரம் பார்க்க வேண்டும். பகலில் அடைத்துக்கொண்டிருக்கும் கூரை மெல்லத் திறந்து சல்லடையாகிவிடுகிறது. ஆனால் இங்கே ஏழு மணி சுமாருக்குச் சூரியன் விழுந்தால் விழுந்ததுதான், உங்கள் ஊர் மாதிரி அந்தி இழுத்துக்கொண்டு நிற்காது. கைகால் உதறிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

பூமலையில், அதுதான் தாவரவியல் பூங்காவில், ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கிறதே அந்த டெம்புசு மரம், அதன் தாழ்ந்த கிளைக்குக் கீழே தூரத்துப் புல்வெளியை வைத்து எடுத்தோம். அந்தக் கிளையில் ஏறி உட்கார்ந்து நீ பாவாடையைக் கிழித்துக்கொண்டதை அண்ணன் மறக்கவில்லை. இப்போது வேலி போட்டிருக்கிறார்கள், உன்னால் முடியாது.

மரம் இல்லாத இடத்திலும் குறைவில்லை. எனக்குப் பிடித்தது நம் புளோக் கீழ்த்தளம்தான். தாழ்ந்த கூரை, வரிசையாகத் தூண்கள், உள்ளே இருட்டு, வெளியே கண்ணைக் கூசும் புல்தரை. ஒவ்வொரு தூண் இடைவெளியும் ஒரு தயார் ஃபிரேம். அண்ணனின் முதல் விதியே அதுதான்: ஃபிரேம் இருட்டாக, ஆள் வெளிச்சத்தில். அதனால் வெளிச்சத்தில் நிற்கிறவருக்கு அளவெடுத்து அந்த வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். கேமராவின் போக்கில் விட்டால் அது தூணின் இருட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வெளியே நிற்பவரை வெள்ளைத்தாளாக்கிவிடும். நெகட்டிவ் ஃபிலிம் காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் பிரிண்ட் போடுகிறவர் காப்பாற்றிவிடுவார். டிஜிட்டலில் ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் இருக்காது.

கைப்பேசி இதைவிட மோசம். அதற்கு இருட்டே பிடிக்காது. நான் தூண்களைக் கறுப்பாக வேண்டும் என்று எடுத்தால், அது பல எக்ஸ்போஷர்களை ஒட்டித் தூணில் ஒட்டியிருக்கும் டியூஷன் விளம்பரத்தின் நம்பர்வரை படிக்கிற மாதிரி வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறது. யார் கேட்டது? திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் குட்டிச் சூரியனைக் கீழே இழுத்தால் கொஞ்சம் அடங்குகிறது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையில் இலை வழியாக எடுக்கவே எடுக்காதே. இலை நுனியும் முடியும் அதற்கு ஒன்றுதான், பாதிக் காதை மங்கலாக்கிவிடும்.

ஃபோகஸிலும் அண்ணனுக்கு நடுவழி கிடையாது. முன்னால் இருக்கும் கிளையும் தெளிவாக வேண்டுமானால் எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்கு, வேண்டாமென்றால் நன்றாகத் திறந்து கிளையைக் கரைத்துவிடு. அரைகுறையாகத் தெரிகிற இலை, தவறுதலாக விழுந்த விரல் மாதிரி இருக்கும். அப்புறம் ஜூமைத் தொடாதே, காலை எடுத்து வை. ஜூம் செய்தால் கிளையும் ஆளும் சேர்ந்தேதான் பெரிதாகும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் கிட்டே இருக்கும் கிளை நிறைய நகரும், தூரத்து ஆள் கொஞ்சம்தான் நகர்வார். அந்த வித்தியாசத்தில்தான் ஆள் கிளைக்குள் வந்து உட்காருவார். இதற்கு அண்ணன் எப்போதும் திருப்புன்கூரை இழுப்பார். ‘நந்தனாருக்கு நந்தி விலகிச்சு. உனக்கு விலகாது, நீயே விலகு.’

இனி உன் படங்கள். புஷ்பா, ஜகரண்டா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உன் வீட்டுக்காரர் தலையிலிருந்து நேராக ஒரு கிளை முளைத்திருக்கிறது, காவடி எடுத்த மாதிரி. தலைக்கும் கிளைக்கும் நடுவே ஒரு விரலளவாவது வானம் இருந்திருக்க வேண்டும். அவரைக் குனியச் சொல்ல வேண்டாம், நீ முழங்காலிட்டிருந்தால் போதும். இரண்டாவது படம், வாசல் வளைவுக்குள் பேத்தி நிற்பது, அதை அண்ணன் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். ‘இது புஷ்பா எடுத்ததா?’ என்று கேட்டார். அதிகம் பெருமைப்படாதே, அடுத்ததாக ‘மாப்பிள்ளை எடுத்திருப்பார்’ என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. ஃபோர்ட் கேனிங் மலைக்குக் கீழே ஒரு சுழல் படிக்கட்டு இருக்கிறது, டோபி காட் எம்ஆர்டி பக்கத்திலிருந்து போகலாம். அடியில் நின்று அண்ணாந்தால் வட்டச் சுவர், அதன் மேல் விளிம்பெல்லாம் பச்சை, அதற்கு மேல் ஒரு பெரிய மரம். உலகமே அங்கே வந்து வரிசையில் நிற்கிறது. ஒருவர் ஏறி நின்று ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, ஒரே படத்தை எடுத்துக்கொண்டு இறங்குகிறார், அடுத்தவர் ஏறுகிறார். உன் அக்கா கல்யாண ஆல்பத்தில் வெற்றிலைக்குள் ஜோடியை ஒட்டினார்களே, இதுவும் அதுதான், வெற்றிலைக்குப் பதில் மரம், அவ்வளவே என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அந்த வெற்றிலையை வெட்டி ஒட்டியவரே அவர்தானே.

அங்கேயே படியோரம் நின்று பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். 1932இல் பாரிஸில் சாந் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீர்மேல் ஒருவர் தாவும் படம், நமக்கும் காட்டியிருக்கிறார். அதை எடுத்தது பலகை வேலியின் சந்து வழியாக. இடது பக்கம் பலகை வந்து மறைத்துவிட்டது. படத்தை வெட்டுவதே பிடிக்காத மனிதர், அதில் பலகையை வெட்டி எறிந்துவிட்டார். ‘பலகையாலே ஒண்ணும் சொல்ல முடியலே, எடுத்துட்டார்’ என்றார் அண்ணன். நம் ஆள், இந்தியப் புகைப்படக்காரர் ரகுபீர் சிங் செய்தது இதற்கு மாறு. அம்பாசடர் காரின் கதவு, கண்ணாடி, சன்னல் எல்லாவற்றையும் படத்துக்குள் விட்டு இந்தியா முழுக்க எடுத்தார். அங்கே காரை வெட்டினால் படமே போய்விடும். நாம் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்வதே அந்தக் கார்தான்.

அப்படியானால் இந்தப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ‘வரிசையையும் சேர்த்து எடு, தெரியும்’ என்றார். எடுத்தோம். நடுவில் ஒரு பெண் தலை சாய்த்து நிற்க, சுவரோரம் கைவிசிறியோடு காத்திருக்கும் அத்தனை பேரும். நல்ல படம்தான். ஆனாலும் வெற்றிலை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். இடத்தோடு ஒட்டாத எந்த ஃபிரேமும் வெற்றிலைதான், அது நூறு வருட மரமாக இருந்தாலும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கடைகளின் அஞ்சடி நடைபாதை வளைவுகளுக்குள் பூக்கட்டுகிறவரை எடுத்தால் வளைவும் பேசும், பூவும் பேசும், எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதே இல்லை. அதே வளைவுக்குள் சரிகைச் சேலையில் மாடல் பெண்ணை நிறுத்தினால் வளைவு வெறும் ஓரச்சரிகை. நீ யார் கட்சி, எழுது. நடுவில் நிற்காதே.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று. இது உடன்பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் என்னையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். ஓரங்களில் எங்கேயாவது மினுக்கென்று வெளிச்சம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வந்ததா, வந்ததாக நினைத்துக்கொண்டோமா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் வலியும் கிடையாது, மங்கலும் கிடையாது. உன் அப்பாவுக்குக் கடைசியில் கண் போனது எதனால் என்று உன் வீட்டில் யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா? கண்புரை என்றுதான் அப்போது பேசிக்கொண்டார்கள். நீ போய்ப் பார். வேலை, பேத்தி, மழை என்று சொல்லாதே. இந்த மாதமே போய்விட்டு எனக்கு எழுது. அண்ணனிடம் நான் இதை எழுதியதாகச் சொல்லவில்லை, அவருக்குத் தன் கண்ணைப் பற்றி ஊர் பேசுவது பிடிக்காது.

டிசம்பரில் வருகிறாய்தானே? சீனத் தோட்டத்தை 2024இல் மறுபடி திறந்துவிட்டார்கள், அங்கே வட்ட நிலா வாசல் வழியாக உன்னையும் கண்ணாடி டீச்சரையும் எடுக்க வேண்டும் என்று அண்ணன் திட்டம் போட்டிருக்கிறார். டீச்சர் வர ஒப்புக்கொண்டார், புது மூக்குக்கண்ணாடியோடு.

அப்புறம் அந்தப் பாட்டா செருப்பு டப்பா. பழைய நெகட்டிவ்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அது உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே. கண் நன்றாக இருந்த காலத்தில் ஓரங்களை எப்படி விட்டேன் என்று பார்க்க வேண்டுமாம் அண்ணனுக்கு. வரும்போது கைப்பையில் வைத்துக் கொண்டு வா. கழுவின நெகட்டிவ் எக்ஸ்ரேயில் கெடாது, பெட்டி தொலைந்தால்தான் கெடும். உன் பெட்டிகளின் ராசி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
கலா