ஞாயிறு காலை பள்ளிக்கரணை நடை

வணக்கம் நண்பர்களே. இந்த ஞாயிறு காலை 6 மணிக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலப் பூங்கா வாசலில் கூடுகிறோம். பிள்ளைகளை அவசியம் கூட்டி வாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்து வரவும்.

போன முறை ஒரு நீலத் தாழைக்கோழி, கோரைத் தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு தின்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஐ.டி. கட்டடங்கள், தள்ளிப் பெருங்குடி குப்பைமேடு. இதைப் பார்த்தால் போதும், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குத்தான் எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பு இது. 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,247 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். இந்தச் சதுப்பில் மண்ணைக் கொட்டி வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் நம் பார்க்கிங்கில் வந்து நின்றதே!

அப்புறம், ‘ஏரி வியூ’ மனை விளம்பரங்களைத் தயவுசெய்து இந்தக் குழுவில் போடாதீர்கள். வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் பெயர் சொல்லிவிடவும்.